இறுகிப்போன மிஷினும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்தியின் உயரம் நாலே முக்கால் அடி. குரல் மட்டும் ஆறடி. என் வீட்டுக்காரருடைய தம்பியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். நான் பெரியவள், அவள் சின்னவள். நாற்பது வருஷமாக ஒரே சமையலறை. நான் வைத்த கரண்டியை அவள் இடம் மாற்றுவாள், அவள் மாற்றியதை நான் திரும்ப மாற்றுவேன். எங்களுக்கு நடுவில் அந்தக் கரண்டி பட்ட பாடு யாரும் பட்டிருக்க மாட்டார்கள்.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் புல்லில் இருந்துதான் தொடங்க வேண்டும். தெருவில் அவளைப் புல்லுக்காரம்மா என்றால்தான் தெரியும். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு கிளப்புக்குச் சொந்தமான விளையாட்டு மைதானம் இருக்கிறது. முதலில் அங்கே பெருக்கத்தான் போனாள். புல் வெட்டுவதற்கு என்று வேறொரு ஆள் இருந்தான். அவன் வெட்டுகிற நேரத்தைவிட நிழலில் உட்கார்ந்திருக்கிற நேரம் அதிகம். ஒருநாள் மிஷினை ஓடவிட்டபடியே நிழலுக்குப் போய்விட்டான். இவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள், மிஷினின் கைப்பிடியைப் பிடித்தாள், ஒரு கோடு வெட்டினாள். திரும்பி வந்து இன்னொரு கோடு. அவன் கொட்டாவி விட்டு எழுந்து வருவதற்குள் பாதி மைதானம் முடிந்திருந்தது.

"என் மிஷினைத் தொட உனக்கு யார் சொன்னது?" என்று கத்தியிருக்கிறான்.

"நீங்க தொடமாட்டேங்கிறீங்களே, பாவம் ஏங்கிப்போயிடுமேன்னு தொட்டேன்" என்றாளாம்.

அடுத்த மாதம் அவன் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அந்தப் புல் இவள் சொன்னபடிதான் வளர்ந்தது. கிளப்பின் மிஷின் செத்துப்போனபோது சொந்தமாகவே ஒரு மிஷின் வாங்கிக்கொண்டாள். பெட்ரோல் மிஷின். தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், கயிற்றை இழுத்தால் உயிர் வரும். சிவப்பு நிறம். தினமும் காலையில் தான் ஒரு வாய் தேநீர் குடிப்பதற்கு முன்னால் அதற்கு எண்ணெய் இருக்கிறதா என்று குச்சியை விட்டுப் பார்ப்பாள். "எண்ணெய் பார்க்காம மிஷினை எழுப்புறவன் மனுஷனே இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். கேட்காதவரிடமும் சொல்வாள். தபால்காரர் ஒருவர் இதைக் கேட்டுக் கேட்டே எங்கள் வீட்டுக் கடிதங்களை வாசலில் வீசிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

புல் வெட்டும்போது அவள் கீழே பார்க்கவே மாட்டாள். தூரத்தில் ஏதாவது ஒன்றில், கோல் கம்பத்திலோ கிளப் சுவரில் மாட்டிய கடிகாரத்திலோ, கண்ணை நட்டுக்கொண்டு அதை நோக்கி நடப்பாள். கோடு நூல் பிடித்த மாதிரி விழும். என்றைக்காவது கோடு கோணிவிட்டால் அன்றைக்கு வீட்டில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

அவள் வீட்டுக்காரர், அதாவது என் கொழுந்தன், அவளுக்கு நேர் எதிர். ஒரு பெரிய கட்டடத்தில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினார். மேலே, கீழே. வேறு திசை கிடையாது. வீட்டிலும் அவளிடம் "சரிம்மா", என்னிடம் "சரி அண்ணி". இந்த இரண்டு பொத்தானுக்கு மேல் அவர் அழுத்தி நான் பார்த்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சின்னவள் வழக்கத்துக்கு மாறாகப் பத்து மணிக்கே மிஷினைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள். பின்கட்டில் உட்கார்ந்து மிஷினின் முன்பக்கத்தில் இருக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே இருட்டு. டார்ச் எடுத்து வருகிறேன் என்று எழுந்தவள், பின்வாசல் படியில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள்.

அந்தப் பதினெட்டு நாளில் நடந்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். சொல்வதற்கு எனக்கென்ன கூச்சம்? எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, நான் கொண்டுவந்த வழக்கம். எதையாவது எடுத்து வைப்பதென்றால் கழுவித்தான் வைக்க வேண்டும். குடையைக் கழுவுவேன். செருப்பைக் கழுவுவேன். பழைய பூட்டு ஒன்றைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்தேன். அது அப்புறம் திறக்கவில்லை என்பது வேறு விஷயம், சுத்தமாக இருந்தது. மிஷின் பின்கட்டில் புல்லும் மண்ணுமாகக் கிடந்தது. அவள் திரும்பி வரும்போது இப்படியா இருக்க வேண்டும் என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

வாளியில் வெந்நீர் எடுத்துக்கொண்டேன். மேலெல்லாம் தேய்த்தேன். வயிற்றுப் பக்கம் புல் அப்பியிருந்தது, அதைச் சுரண்டுவதற்காக முன்பக்கத்தைத் தூக்கி, கைப்பிடி தரையில் படும்படி சுவரில் சாய்த்தேன். அப்போதுதான் அந்த ஓட்டை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாட்டில் வாயைப் போல ஒரு ஓட்டை. அதற்குள் கரி. சரி, இதையும் அலசிவிடுவோம் என்று ஒரு சொம்பு சோப்புத் தண்ணீரை ஊற்றினேன். அலச வேண்டுமே, இன்னொரு சொம்பு நல்ல தண்ணீர். பாட்டிலென்றால் குலுக்கலாம், இதை எப்படிக் குலுக்குவது? கயிற்றைப் பிடித்து இழுத்தேன். உள்ளிருந்த தண்ணீர் முழுவதும் பீச்சாங்குழல் மாதிரி என் முகத்தில் அடித்தது. இன்னும் நாலு தடவை இழுத்தேன், நாலு தடவையும் குளித்தேன். பக்கத்தில் ஒரு செங்கல் மேல் அந்தப் பிளக்கு இருந்தது. பாட்டிலுக்கு மூடி போடுகிற மாதிரி அதைத் திருகி மூடினேன். மிஷினைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளி, மேலே சாக்கு போட்டு மூடினேன். பளபளவென்று இருந்தது.

சின்னவள் திரும்பி வந்தாள். ஆனால் மிஷின் பக்கமே போகவில்லை. இனிமேல் தள்ளுகிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து மைதானத்தின் ஒரு மூலை தெரியும். மூன்று வருஷம் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே என்னை அதிகாரம் பண்ணினாள். வெங்காயம் நறுக்கினால் பெரிதாக இருக்கிறது என்பாள், சின்னதாக நறுக்கினால் காணோம் என்பாள். கையில் வேலை இல்லாத மனுஷி வீட்டிலிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் எட்டு ஊருக்குச் சொல்லலாம்.

போன வருஷம் டாக்டர் அவளை நடக்க வைத்துப் பார்த்துவிட்டு, இனி என்ன வேலை வேண்டுமானாலும் செய்யலாம், அளவோடு செய்யுங்கள் என்றார். அளவோடு என்ற வார்த்தை அவள் காதில் விழவே இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராக மைதானத்துக்குப் போனாள். கூட நானும் போனேன். புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. நடுநடுவே மொட்டை. கிளப் மேனேஜர் வாசலிலேயே இருந்தார்.

"சார், என் மைதானத்தை என்ன பண்ணி வச்சிருக்கீங்க? சொறி பிடிச்ச மாதிரி இருக்கு!"

"வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா?"

"நான் நல்லா இருக்கேன். இதுதான் நல்லா இல்ல."

அவர் பாவம், நல்ல மனுஷர். வருகிற சனிக்கிழமை ஒரு கம்பெனிக்காரர்களுக்கு வேலையை எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். தோளில் மாட்டி வெட்டுகிற மிஷினோடு ஆட்கள் வருவார்களாம். சின்னவள் எனக்குக் கொடுங்கள் என்றாள். அவர் அவளுடைய கைத்தடியைப் பார்த்தார்.

"உங்க மிஷின் இன்னும் ஓடுதாம்மா?"

"ஓடாம?"

"அப்போ சனிக்கிழமை காலையில எட்டு மணிக்குக் கொண்டு வாங்க. அவங்க ஒரு பாதி வெட்டட்டும், நீங்க ஒரு பாதி. பார்த்துட்டுப் பேசுவோம். ஆனா மிஷின் ஓடலைன்னா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

வீட்டுக்கு வந்ததும் சாக்கை விலக்கி மிஷினை வெளியே இழுக்கச் சொன்னாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் வெளிச்சம். எண்ணெய் மாற்றினாள். பழைய பெட்ரோலை வடித்தாள், அது வார்னிஷ் மாதிரி நாறியது. புதிதாக ஊற்றினாள். கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள்.

கயிறு வரவில்லை. ஒரு அங்குலம்கூட வரவில்லை. சுவரில் அடித்த ஆணியை இழுக்கிற மாதிரி இருந்தது.

கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவர் இழுத்தார், மிஷின் முழுவதுமாக அவரிடம் நகர்ந்து வந்ததே தவிர கயிறு வரவில்லை. அப்புறம் தெருமுனை மெக்கானிக்கை அழைத்து வந்தோம். அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் நாளைக்கு என்பார். அன்றைக்கு மட்டும் எப்படியோ அன்றைக்கே வந்துவிட்டார். பிளக்கைக் கழற்றி, அடியில் கைவிட்டுப் பிளேடைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை.

"பிஸ்டன் பிடிச்சுக்கிச்சும்மா. எண்ணெய் இல்லாம ஓட்டினீங்களா?"

சின்னவள் எண்ணெய் டப்பாவை மூடப் போய்விட்டாள். எனக்கு அதுவே ஆச்சரியம்.

"எண்ணெய் இல்லாம ஓடி, சூடேறிப் பிடிச்சிருந்தா உள்ளே பிஸ்டனும் சிலிண்டரும் உருகி ஒட்டிக்கிட்டிருக்கும். அப்புறம் எடைக்குப் போட வேண்டியதுதான். தண்ணி பட்டுத் துருவில பிடிச்சிருந்தா ஊற வச்சுப் பார்க்கலாம்."

"தண்ணி எங்கேருந்து வரும்? மழை படாத இடத்துல சாக்கு போட்டு மூடி வச்சிருக்கு" என்றார் கொழுந்தன்.

நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்போ எடைக்குத்தான்" என்றார் மெக்கானிக். "நானே வந்து எடுத்துக்கிறேன். நாளைக்கு."

எல்லோரும் போன பிறகு சின்னவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது அவள் பேசிய குரல் நாலே முக்கால் அடிகூட இல்லை.

"அக்கா, கடைசி நாள் நான் எண்ணெய் பார்க்கல. நேரமாயிடுச்சுன்னு அப்படியே எழுப்பிட்டேன். பாதி மைதானத்துல கிறீச்சுன்னு கத்துச்சு. கருகல் வாசனை. உடனே நிறுத்திட்டேன், ஆனா அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு போல. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே கொன்னுட்டேன். யார்கிட்டேயும் சொல்லாதே."

நாற்பது வருஷத்தில் தன் பக்கம் தப்பு என்று அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. கேட்க ஆசைப்பட்ட நாள் எத்தனையோ உண்டு. கேட்டபோது அங்கே உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரைக் கழுவினேன். அதையே மறுபடி கழுவினேன். நாலாவது தடவை கழுவும்போது, பேசாமல் இருந்தால் மிஷின் நாளைக்கு எடைக்குப் போய்விடும், இவள் ஜன்னலுக்குப் போய்விடுவாள், நான் இன்னும் பத்து வருஷம் வெங்காயம் நறுக்க வேண்டும் என்று தோன்றியது. திரும்ப வந்தேன்.

"சின்னவளே, ஒண்ணு சொல்றேன். கத்தக்கூடாது."

"கத்துற விஷயமா இருந்தா கத்துவேன்."

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ நான் இதைக் கழுவினேன்."

"வெளியிலதானே?"

நான் மிஷின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

"அக்கா. வெளியிலதானே?"

"ஒரு ஓட்டை இருந்துச்சுடி. திறந்து கிடந்துச்சு."

அவள் கண் பெரிதானது. "எவ்வளவு ஊத்தினே?"

"ரெண்டு சொம்பு. சோப்புப் போட்டு ஒண்ணு, அலச ஒண்ணு."

"அய்யோ! அப்புறம்?"

"அப்புறம் என்ன, தண்ணி வெளியே வரணுமே. கயித்தை இழுத்தேன்."

கத்துவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. "கயிறு வந்துச்சா?"

"வராம? அஞ்சு தரம் இழுத்தேன். அஞ்சு தரமும் என் மூஞ்சியில அடிச்சுது."

"லேசா வந்துச்சா, இறுக்கமா வந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"கிணத்துல வாளி இறக்குற மாதிரி சரசரன்னு வந்துச்சு."

அவள் வாளியை விட்டு எழுந்தாள். கைத்தடியை மறந்துவிட்டு எழுந்தாள். "அப்போ நான் கொல்லல! நான் நிறுத்தினப்போ நல்லாத்தான் இருந்திருக்கு! உருகல, ஒட்டல, வெறும் துரு!" என்று கொழுந்தனைக் கூப்பிட்டுச் சொன்னாள், எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். சந்தோஷம் முழுவதும் அந்தத் திரும்பலிலேயே தீர்ந்துவிட்டது.

"அப்போ நீதான் கொன்னிருக்கே."

"கொல்லலடி, குளிப்பாட்டினேன்."

"துவட்டினியா?"

"அதுக்குள்ள துணி போகல."

அதற்கப்புறம் அவள் கத்தியதை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்று: கழுவியது தப்பு என்று இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கழுவிய பிறகு காய வைக்காமல் மூடியது தப்பு. அது வேறு, இது வேறு.

மெக்கானிக் திங்கட்கிழமை எடைக்கு எடுத்துப் போக வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, வழி சொல்லிக் கொடுத்துப் போனார். மண்ணெண்ணெய் பாதி, கியர் ஆயில் பாதி, கலந்து பிளக்கு ஓட்டை வழியாக ஊற்ற வேண்டும். அது துருவுக்குள் இறங்க நாள் பிடிக்கும். பிளேடு அசைந்தால் உள்ளே பிஸ்டனும் அசையும், அதனால் நடுநடுவே பிளேடைப் பிடித்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்திப் பார்க்க வேண்டும். பலத்தைக் காட்டினால் உள்ளே ஏதாவது உடைந்துபோகும், அப்புறம் கடவுளே வந்தாலும் முடியாது.

சின்னவள் பெட்ரோலை மறுபடி வடித்து, மிஷினின் முன்பக்கத்தைத் தூக்கி, நான் சாய்த்த அதே சுவரில் சாய்த்தாள். எண்ணெயை ஊற்றினாள். கை கிழியாமல் இருக்கப் பிளேடின் விளிம்பில் பழைய ரப்பர் குழாயைக் கீறி மாட்டினாள். பிறகு கவிழ்த்த வாளியைக் காட்டினாள்.

"உட்காரு."

"நானா?"

"நீதானே நனைச்சே. மணிக்கு ஒரு தரம் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. கையால மட்டும். எனக்கு இடுப்புக் குனியாது."

"சமையல்?"

"அதை நான் பார்த்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டாள். வெங்காயம் என் விரல் பருமனுக்கு இருந்தது. அப்படியே சாப்பிட்டேன், குறை சொல்கிற நிலைமையில் நான் இல்லை.

செவ்வாய்க்கிழமை அசையவில்லை. எண்ணெய் மட்டம் கொஞ்சம் இறங்கியிருந்தது, இன்னும் ஊற்றினாள். "குடிக்குது, நல்லதுதான்" என்றாள். புதன்கிழமையும் அசையவில்லை. என் தோள்பட்டை மட்டும் அசைந்தது, அதுவும் வலியோடு. மிஷினோடு பேசிப் பார்த்தேன். திட்டிப் பார்த்தேன். கல்லுளிமங்கன் மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் கொழுந்தன் ஒரு காரியம் செய்யப் பார்த்தார். உதவி செய்கிற எண்ணம்தான். ஆள் உயர இரும்புக் குழாய் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, பிளேடுக்குக் கீழே கொடுத்து, அதன் மறுமுனையில் தொங்கத் தயாராக நின்றார். சின்னவள் கையில் கரண்டியோடு வந்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"இல்லம்மா, ஒரே அமுக்கு. கீழே போயிடும்."

"இது லிஃப்ட் இல்லீங்க! கீழே போனா மேலே வராது!"

"சரிம்மா" என்றார். குழாயைக் கொண்டுபோய்த் திரும்பக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் வரை என் பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, நான் அழுத்தும்போதெல்லாம் எண்ணினார். பத்து எண்ணுவதற்கு ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு தெம்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். இந்தப் பக்கம் அழுத்தினேன், ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் அழுத்தினேன். கைக்குள் ஏதோ ஒன்று மெதுவாக இளகியது. கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத்தான் தெரிந்தது. பல் விழப்போகும்போது நாக்குக்குத் தெரியுமே, அப்படி.

"சின்னவளே!"

"என்ன, கடிச்சுதா?"

"அசைஞ்சுதுடி!"

அவள் வந்து கை வைத்தாள். நான் அழுத்தினேன். அவளுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் அதே பிளேடில் கை வைத்திருந்தோம். ஒரு கரண்டியில்கூட நாங்கள் அப்படிச் சேர்ந்து கை வைத்தது கிடையாது.

ஆசையில் நான் ஓங்கி அழுத்தப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இப்போதான் அவசரப்படக் கூடாது. வந்த வழியே திரும்பப் போகட்டும். ஒரு நூல் முன்னால, ஒரு நூல் பின்னால." அப்படியே செய்தேன். மத்தியானத்துக்குள் ஒரு விரல் அகலம் வந்தது. சாயங்காலம் ஒரு கை அகலம். வெள்ளிக்கிழமை காலையில் பிளேடு முழுச் சுற்று சுற்றியது, தொண்டை கட்டியவர் பேசுகிற மாதிரி கரகரவென்று. ஓட்டை வழியாகக் காப்பிக் கஷாயம் மாதிரி துரு எண்ணெய் வெளியே வந்தது. மூன்று தடவை புது எண்ணெய் விட்டு அலசினாள். "இதைத்தான் அலசுறதுன்னு சொல்லுவாங்க" என்று என்னைப் பார்த்துக்கொண்டே அலசினாள். பிளேடிலிருந்த ரப்பரைக் கழற்றி மிஷினைத் தரையில் இறக்கினாள், பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மாட்டி, பெட்ரோல் ஊற்றினாள். கயிற்றைக் கொழுந்தனிடம் கொடுத்தாள்.

ஏழு இழுப்பு, ஒன்றுமில்லை. எட்டாவது இழுப்பில் ஒரு இருமல். ஒன்பதாவதில் மிஷின் உறுமியது. உள்ளே மிச்சமிருந்த எண்ணெயெல்லாம் எரிந்து, வெள்ளையாக ஒரு புகை கிளம்பியது பாருங்கள், பின்கட்டில் என் கை எனக்கே தெரியவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்து, வாளி நிறையத் தண்ணீரோடு ஓடி வந்தார். நான் அவர் குறுக்கே பாய்ந்தேன்.

"தண்ணி வேண்டாம்! தண்ணி மட்டும் வேண்டாம்!"

"நெருப்பும்மா!"

"நெருப்பு இருந்தாலும் பரவாயில்ல, தண்ணி கூடாது!"

புகைக்கு நடுவில் சின்னவள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மைதானத்தில் இருந்தோம். கம்பெனியிலிருந்து இரண்டு ஆட்கள், தோளில் மிஷின், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. சின்னவளைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். மேனேஜர் நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்தார்.

அவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே வேகம். வீசிவீசி வெட்டினார்கள், புல் பறந்தது. சின்னவள் கைத்தடியை என்னிடம் கொடுத்தாள். முதலில் எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்தாள். துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள். கயிற்றை இழுக்கக் கொழுந்தன் கை நீட்டினார். "தள்ளுங்க" என்று தானே இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் வந்துவிட்டது. தூரத்துக் கோல் கம்பத்தில் கண்ணை வைத்து நடக்க ஆரம்பித்தாள். இடுப்பு ஒரு பக்கம் இழுத்தது, ஆனால் கைப்பிடி இருந்ததால் கைத்தடி தேவைப்படவில்லை. முழங்கால் உயரப் புல் என்பதால் பிளேடை உயரத்தில் வைத்து ஒரு தடவை, இறக்கி வைத்து மறு தடவை, ஒவ்வொரு கோட்டையும் இரண்டு முறை நடந்தாள்.

கம்பெனிக்காரர்கள் ஒன்பது மணிக்கு முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். இவள் அப்போது பாதியில் பாதிதான் வந்திருந்தாள். கொழுந்தன் நகத்தைக் கடித்தார். "அண்ணி, நான் போய்க் கொஞ்சம் தள்ளட்டுமா?" "போய்ப் பாருங்க, உங்களையும் சேர்த்து வெட்டுவா" என்றேன். பத்து மணிக்கு ஒருமுறை நின்றாள். என் மூச்சும் நின்றது. மிஷினுக்கு ஒன்றுமில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி நடந்தாள்.

பத்தே முக்காலுக்கு மேனேஜர் வந்தார். கையில் ஒரு பந்து. முதலில் கம்பெனிக்காரர்கள் பாதியில் உருட்டினார். பந்து நாலு இடத்தில் துள்ளி, அவர்கள் ஒட்ட வெட்டிய ஒரு மொட்டைப் பள்ளத்தில் திரும்பி, வேலிப் பக்கம் போய்விட்டது. எடுத்து வந்து சின்னவள் பாதியில் உருட்டினார். அது சொன்ன பேச்சைக் கேட்டு நேராகப் போய், தானாக நின்றது. அவர் அதை எடுத்து இன்னொரு தடவை உருட்டிப் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அம்மா, நேரம் ரொம்ப ஆகுதே" என்றார்.

"மூணு வருஷம் வெட்டாததை ஒரே நாள்ல வெட்டுறேன் சார். வாரம் ரெண்டு தரம் வந்தா ரெண்டு மணி நேரம் போதும்."

"மொத்த மைதானமும் உங்களால முடியுமா?"

நான் முடியும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்புறம் இடுப்பில் கை வைத்து, அந்தக் கம்பெனி ஆட்களைப் பார்த்தாள்.

"விளையாடுற இடம் முழுசும் என்னுது. வேலியோரம், சுவரோரம், மரத்தடி இதெல்லாம் என் மிஷின் போகாது, அதை இவங்க வெட்டட்டும். ஆனா நான் வர்றதுக்கு முன்னாடி வெட்டி முடிச்சிருக்கணும். என் கோட்டு மேல யாரும் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது."

கறுப்புக் கண்ணாடிக்காரர்களில் ஒருவர், "சரிங்க அக்கா" என்றார். அவரை இடித்த இன்னொருவர் தன் காலைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கோட்டை விட்டு இறங்கினார்.

மேனேஜர் சிரித்தார். "செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வந்துடுங்க" என்றார்.

"அஞ்சரைக்கு வந்துடுவேன். கேட்டைத் திறந்து வையுங்க" என்றாள் சின்னவள்.

நான் கைத்தடியை நீட்டினேன், வீட்டுக்குப் போகலாம் என்று. அவள் வாங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மிஷினின் கைப்பிடியைப் பிடித்தபடி மேனேஜரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் என்னம்மா?"

"கொஞ்சம் நகருங்க சார். நீங்க நிக்கிற இடம் பாக்கி இருக்கு."